எலும்புக்கூடு இறாலுக்காக ஒரு கேமரா: ஒலிம்பஸ் டிஜி-6

ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 கேமரா 2019இல் வந்தது. நான் இதை ஒரே ஒரு வேலைக்காகத்தான் வாங்கினேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் ஊரைச் சுற்றியுள்ள படகுத்துறைகளில், மிதக்கும் பாண்டூன் மேடைகளின் அடியில் ஒட்டி வாழ்கிற எலும்புக்கூடு இறாலைப் படமெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் இது எல்லோருக்குமான மதிப்புரை இல்லை. பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் எப்படி இருக்கும் என்று கேட்டால், உங்கள் கையில் இருக்கும் போனே இதைவிட நன்றாக எடுக்கும், அதற்காக இதை வாங்க வேண்டாம். ஆனால் சின்னஞ்சிறு உயிர், உப்புத்தண்ணீர், லென்ஸுக்கும் உயிருக்கும் நடுவே ஒரு விரல் அகல இடைவெளி என்று வந்துவிட்டால், இந்த விலையில் இதற்கு ஈடாக வேறு ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் அந்த உயிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேமராவில் எது முக்கியம் எது முக்கியமில்லை என்பதை முடிவு செய்வதே அதுதான். இங்கே பாண்டூன்களில் கிடைப்பது கேப்ரெல்லா மியூடிக்கா என்ற இனம். பெயரில் இறால் இருந்தாலும் இறால் வகை கிடையாது, ஆம்பிபாட் என்ற ஓட்டுடலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. உடம்பு முழுக்க ஒரு குச்சிதான். மற்ற ஆம்பிபாட்களுக்கு இருக்கும் வயிற்றுப் பகுதி இதற்குச் சுருங்கிச் சுருங்கி இல்லாத மாதிரியே ஆகிவிட்டது. உடம்பு கண்டம் கண்டமாக, அதாவது துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், நடுவுடம்பில் கால்கள் இருக்க வேண்டிய இரண்டு கண்டங்களில் கால்கள் இல்லை, செவுள்கள் மட்டும் தொங்கும். பெண்ணாக இருந்தால் அதே இடத்தில் முட்டைப் பையும் இருக்கும். பின்பக்கம் மூன்று ஜோடிக் கால்கள், அவற்றால் பாசியையோ கயிற்றையோ இறுகப் பிடித்துக்கொண்டு முன்னுடம்பை நிமிர்த்தி ஆடிக்கொண்டே இருக்கும். முன்னால் இரண்டு ஜோடிக் கொடுக்குகள், அதில் இரண்டாவது ஜோடி ஆணுக்கு உடம்புக்குப் பொருத்தமே இல்லாத அளவுக்குப் பெரிது. நன்றாக வளர்ந்த ஆண் 5 சென்டிமீட்டர் வரை போகும், பெண் அதைவிடச் சிறியது. இந்தக் குடும்பத்துக்கு அது ராட்சத அளவு. பெரும்பாலான எலும்புக்கூடு இறால்கள் இதில் பாதிகூட இருக்காது.

சொந்த ஊர் இது இல்லை. ஜப்பானையும் ரஷ்யாவின் தூரகிழக்கையும் ஒட்டிய கடல்தான் அதன் வீடு, 1935இல் அங்கிருந்துதான் முதலில் விவரிக்கப்பட்டது. 1970களில் கலிஃபோர்னியாவில் தென்பட்டது, ஜப்பானிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுபோன ஆளிச் சிப்பிகளோடு ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். 1995இல் நெதர்லாந்தில் கண்டபோது புதிய இனம் என்றே நினைத்து கேப்ரெல்லா மாச்சோ என்று பெயரும் வைத்துவிட்டார்கள், அந்த ஆணின் கொடுக்கையும் நெஞ்சு முடியையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் தோன்றியது என்று புரியும். 2000 வாக்கில் ஸ்காட்லாந்து மேற்குக் கரையின் சால்மன் பண்ணைகளில் இருப்பது தெரியவந்தது. ஓபன் பக்கத்தில் டன்ஸ்டாஃப்னேஜில் இருக்கிற ஸ்காட்லாந்து கடல் அறிவியல் சங்கத்து ஆய்வாளர்கள் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தக் கரையின் மீன் பண்ணைக் கட்டமைப்புகளில் ஒரு சதுர மீட்டருக்கு 3 லட்சம் வரை எண்ணியிருக்கிறார்கள், சொந்தக் கடலில் இருக்கும் நெருக்கத்தைவிட இது பல மடங்கு.

இது பரவுவது எப்படி என்பதுதான் எனக்கு முக்கியம். நீந்தத் தெரிந்த குஞ்சுப் பருவம் இதற்குக் கிடையாது. நண்டும் இறாலும் மாதிரி மிதந்து அலையும் லார்வா இல்லை, தாயின் பையிலிருந்து வெளியே வரும்போதே குட்டிக் குட்டி எலும்புக்கூடாகத்தான் வரும், வந்ததும் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைப் பற்றிக்கொள்ளும். தானாக நீந்திக் கடல் கடக்கும் உயிர் இல்லை. மிதந்து போகும் பாசியில் கொஞ்ச தூரம் போகலாம், மற்றபடி நம் படகின் அடிப்பாகமும், நம் கயிறும், நம் வலையும்தான் இதன் வாகனம். இங்கேயே பிறந்த கேப்ரெல்லா லினியாரிஸ் என்ற சிறிய உறவினம் ஒன்று உண்டு, இரண்டையும் ஒரே இடத்தில் விட்டுப் பார்த்த சோதனைகளில் வந்தேறி அதை இடத்தைவிட்டுத் துரத்திவிடுகிறது. ஆகவே இந்த உயிர்மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், ஒரு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் படமெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு விலங்கை அதன் சொந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுவது ஸ்காட்லாந்தில் குற்றம், 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தை 2011இல் திருத்தி அப்படி ஆக்கியிருக்கிறார்கள். சட்டம் இருக்கட்டும். தட்டில் எடுத்துப் போட்டால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முடிச்சாகிவிடும், பார்க்கவே பாவமாக இருக்கும், படமும் உருப்படாது.

அதனால்தான் இந்தக் கேமரா. சின்னதைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் நல்ல மேக்ரோ லென்ஸ் போட்ட பெரிய கேமரா இதைவிடத் தெளிவாக எடுக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அதைத் தண்ணீருக்குள் விட வேண்டுமென்றால் கேமராவைவிட விலை கூடிய பெட்டி ஒன்று வேண்டும். டிஜி-6ஐ அப்படியே கையில் பிடித்துத் தண்ணீருக்குள் விடலாம், 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எனக்கு வேண்டியது ஒரு முழம். பாண்டூன் மேடையில் குப்புறப் படுத்து, ஒரு கையை உள்ளே விட்டால் போதும். பாண்டூனில் இன்னொரு வசதி, அது தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்கும். பாறையில் வாழும் உயிரைப் பார்க்க வற்று நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இங்கே ஓதம் ஏறினாலும் வற்றினாலும் அதே உயிர் அதே ஆழத்தில் இருக்கும். மேடையின் ஓரத்தில் நீலச் சிப்பியும் கடற்குழலும், செடி மாதிரிக் கிளைத்து வளரும் ஹைட்ராய்டு என்ற சின்ன உயிர்க் கூட்டமும், பாசியும் தொங்கும் இடத்தில் பார்த்தால், கோடை முடிவில் அந்தப் பாசி முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

இனி கேமராவின் உயிர்நாடிக்கு வருகிறேன். மைக்ரோஸ்கோப் மோட் என்று ஒன்று இருக்கிறது. லென்ஸின் முனையிலிருந்து 1 சென்டிமீட்டர் முதல் 30 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், அதுவும் ஜூமின் முழு நீளத்திலும். இந்தக் கடைசி வார்த்தைகளில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரணச் சின்னக் கேமராக்கள் ஜூம் போடாத நிலையில்தான் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும், ஜூம் போட்டவுடன் பின்னால் போகச் சொல்லும். இதில் 4 மடங்கு ஜூமை முழுக்கப் போட்டுவிட்டும் உயிருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். ஒரு பெரிய ஆண் முழுசாகப் படத்துக்குள் வர ஜூமைக் குறைக்க வேண்டும். முழு ஜூமில் அதன் கொடுக்கு மட்டும் வரும், கொடுக்கின் உள்விளிம்பில் இருக்கும் பற்கள் வரும், அதன்மேல் இருக்கும் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும்.

அந்த முடியை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அது மியூடிக்காதான் என்று உறுதி செய்ய அதைத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆணின் நெஞ்சில் முதல் இரண்டு கண்டங்களும் பெரிய கொடுக்கும் அடர்த்தியான முடியோடு இருக்கும், லினியாரிஸில் அப்படி இருக்காது. பெண்ணுக்கு முட்டைப் பையின்மேல் சிவப்புப் புள்ளிகள். முதுகில் வரிசையாக முட்கள். இவை எதுவும் போன் கேமராவில் தெரியாது, போனில் ஒட்டுகிற கிளிப் லென்ஸ் வைத்தாலும் தண்ணீரின் மேற்பரப்பு மினுமினுப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். டிஜி-6இன் லென்ஸே தண்ணீருக்குள் இருப்பதால் மினுமினுப்பு என்ற பிரச்சினையே இல்லை. சென்சார் சின்னதுதான், 12 மெகாபிக்சல்தான், ஆனாலும் முடி எண்ணும் வேலைக்கு அது போதும். கேமரா சுருக்காமல் திருத்தாமல் அப்படியே வைக்கும் ரா (RAW) கோப்பாகவும் சேமிக்கலாம், அப்படியே செய்யுங்கள், பச்சைத் தண்ணீரின் நிறத்தை அப்புறம் வீட்டில் திருத்த அது உதவும்.

இங்கே ஒரு விஷயம் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மெனுவில் எஃப்/8 என்று ஒரு எண் வரும். அதைப் பார்த்ததும் லென்ஸில் ஒளி நுழையும் துளையைச் சுருக்கி, தெளிவாக விழும் ஃபோகஸ் ஆழத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று யாரும் நினைப்பார்கள். இந்தக் கேமராவில் அந்த எண் பெரும்பாலும் உள்ளே ஒரு கருப்பு ஃபில்டரை இறக்குவதுதான், துளை சுருங்குவதில்லை. வெளிச்சம் குறையும், ஆழம் கூடாது. ஏற்கனவே வெளிச்சம் போதாத ஸ்காட்லாந்துத் தண்ணீரில் இது இரட்டை நஷ்டம். ஆகவே திறந்த துளையிலேயே எடுங்கள், கண்ணுக்கு ஃபோகஸ் வையுங்கள், வால் மங்கினால் மங்கட்டும்.

ஃபோகஸ் ஆழத்துக்குக் கேமரா தரும் வழி ஃபோகஸ் ஸ்டாக்கிங். ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து உள்ளேயே ஒன்றாக்கித் தரும். செத்த சிப்பி ஓட்டுக்கு, அசையாத பாசிக்கு, அருமையாக வேலை செய்யும், கணினியில் உட்கார்ந்து செய்யும் வேலையை அங்கேயே முடித்துக் கொடுத்துவிடும். எலும்புக்கூடு இறாலுக்கு உதவாது. அது ஆடிக்கொண்டே இருக்கும், பாண்டூனும் ஆடும், அதைப் பிடித்திருக்கும் கையும் ஆடும், முடிவில் நான்கு உணர்கொம்புக்குப் பதில் எட்டு இருக்கும். ஸ்டாக்கிங்கைப் பெரிதாகப் புகழ்ந்து எழுதும் மதிப்புரைகளை நம்பி, உயிருள்ள கேப்ரெல்லிடுக்காக, அதாவது இந்த எலும்புக்கூடு இறால் குடும்பத்துக்காக, இதை வாங்காதீர்கள். தொடர் படங்கள் எடுக்கும் மோடில் கேமராவை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே நிறைய எடுத்துவிட்டு நல்லதைப் பொறுக்குவதுதான் சரியான வழி. மெமரி கார்டு பெரிதாக இருக்கட்டும்.

வெளிச்சம். 1 சென்டிமீட்டரில் வேலை செய்யும்போது கேமராவின் உடம்பே உயிர்மேல் நிழல் போடும், இதைத் தவிர்க்கவே முடியாது. முன்பக்கத்து எல்இடி ஒரு மூலையிலிருந்து மட்டும் அடிக்கும், ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருட்டாகிவிடும். ஃபிளாஷ் அடித்தால் தண்ணீரில் மிதக்கும் துகள் எல்லாம் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும், வசந்தகாலத்தில் மிதவைப் பாசி பெருகும்போது அது இன்னும் மோசம். எனக்குப் பிடித்த வழி, இன்னொரு கையில் சின்ன டைவிங் டார்ச் ஒன்றைப் பிடித்து உயிருக்குப் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் பின்பக்கமாக அடிப்பது. இதன் உடம்பு பாதி ஒளி ஊடுருவும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உள்ளே குடல் ஒரு கோடாக ஓடுவது தெரியும், செவுள்கள் தெரியும், பெண்ணின் பைக்குள் முட்டைகள் மணிமணியாகத் தெரியும். அந்தப் படத்துக்காக எவ்வளவு நேரம் குளிரில் படுத்திருந்தாலும் தகும். தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்று திரும்பிப் போய்விடாதீர்கள், லென்ஸுக்கும் உயிருக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் அகலத் தண்ணீர்தான், அவ்வளவு கலங்கல் படத்தில் தெரியவே தெரியாது.

வீடியோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உயிரை அசைவில் பார்க்கும்போதுதான் அதன் அழகே தெரியும். 4கே எடுக்கிறது, அது போக முழு எச்டியில் நொடிக்கு 120 படம் வேகத்திலும் எடுக்கும். கேப்ரெல்லா உணர்கொம்பை வீசித் தண்ணீரை வடிப்பதும், பிடித்ததை வாய்க்குக் கொண்டுபோவதும், கம்பளிப்பூச்சி மாதிரி உடம்பை வளைத்து வளைத்து நடப்பதும் அந்த வேகத்தில் எடுத்து மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு அசைவும் பிரிந்து தெரிகிறது. இரண்டு ஆண்கள் நெருங்கி வந்து கொடுக்கை வீசிக்கொள்வது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பெண் தோலுரிக்கும் சமயத்தில்தான் இனச்சேர்க்கை நடக்கும் என்பதால் அந்த நேரத்தில் ஆண்களுக்குள் தள்ளுமுள்ளு கூடுதல், எடுத்து வைத்தால் கொடுக்கு எவ்வளவு அகலத் திறக்கிறது என்பதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். கைநடுக்கம் மட்டும் வீடியோவில் பலமாகத் தெரியும். கேமராவின் அடிப்பக்கத்தை மேடையின் ஓரத்திலேயே அழுத்தி ஊன்றிக்கொள்ளுங்கள்.

குறைகள் என்றால், ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் வழி இல்லை என்பதைத்தான் முதலில் சொல்வேன். துளையைத் தேர்ந்தெடுக்கலாம், சென்சார் ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்கிற ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுக்கலாம், வேகத்தைக் கேமராதான் முடிவு செய்யும். ஆடும் உயிருக்கு வேகம்தான் எல்லாம் என்றிருக்கும்போது இது பெரிய குறை. ஐஎஸ்ஓவை ஏற்றி மறைமுகமாக வேகத்தைக் கூட்டலாம், ஆனால் இவ்வளவு சின்ன சென்சாரில் 800ஐத் தாண்டினாலே முடியெல்லாம் குழைய ஆரம்பிக்கும். அதனால் டார்ச் வசதிக்கு என்று நினைக்காதீர்கள், இது இல்லாமல் வேலை நடக்காது. பேட்டரி ஒரு சார்ஜுக்கு 340 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில், திரையை எப்போதும் எரியவிட்டு, நடுநடுவே வீடியோவும் எடுத்தால் அந்தக் கணக்கு ஒத்துவராது, இன்னொரு பேட்டரி சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஆனால் மாற்றுவதாக இருந்தால் கேமராவைத் துடைத்து, கையைத் துடைத்து, காய்ந்த இடத்துக்குப் போய்தான் கதவைத் திறக்க வேண்டும். ரப்பர் விளிம்பில் ஒரு மணல், ஒரு முடி இருந்தால்கூட நீர் உள்ளே போகும். அந்த ரப்பரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு, மாற்றிவிடுங்கள். இன்னொன்று, இது மிதக்காது. 253 கிராம், கையிலிருந்து நழுவினால் நேரே அடிதான். மிதக்கும் மணிக்கட்டுப் பட்டை வாங்காமல் பாண்டூன் பக்கம் போகாதீர்கள். உங்களுக்கும் மிதவைச் சட்டை வேண்டும், இங்கே தண்ணீர் கோடையிலும் குளிர்தான். துறைக்காரர்களிடம் அனுமதி கேட்பதும் நல்லது, நான் கேட்ட இடத்தில் ஆர்வமாகவே விசாரித்தார்கள், திரையில் காட்டியபோது தங்கள் மேடைக்கு அடியில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கூட்டமே கூடிவிட்டது.

வேலை முடிந்ததும் கேமராவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவச் சொல்வது உப்புக்காக. நான் அதோடு கையுறை, பட்டை, டார்ச் எல்லாவற்றையும் சேர்த்தே கழுவி முழுக்கக் காயவைக்கச் சொல்வேன். பிரிட்டனில் இதற்கென்றே பார், கழுவு, காயவை என்று ஒரு பிரசாரம் நடக்கிறது. குட்டி எலும்புக்கூடு இறால் கையுறையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு இன்னொரு துறைக்குப் போவதற்கு நாம் காரணமாக இருக்கக் கூடாது. ஒரே நாளில் இரண்டு துறைகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மியூடிக்கா குளிர்நீர் இனம், அது உங்கள் பக்கம் இல்லை, ஆனால் குடும்பம் இருக்கிறது. மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிப் படுகைகளில் 1902இல் சேகரித்த கேப்ரெல்லிடுகளைப் பற்றி 1904இலேயே அறிக்கை வந்துவிட்டது, 1927இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட குருசடைத் தீவின் கடல் உயிர்கள் பற்றிய தொகுப்பிலும் இவற்றுக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே கிடைப்பவை இன்னும் சிறியவை, அதனால் ஜூமின் கடைசி முனை உங்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். குருசடை தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, நினைத்தபடி இறங்க முடியாது. துறைமுக மிதவைகள், பழைய கயிறு, ஹைட்ராய்டு படிந்த வலை, இங்கெல்லாம் தேடலாம்.

வாங்குவதென்றால் எதை வாங்குவது? 2023இல் டிஜி-7 வந்துவிட்டது, இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில். லென்ஸும் சென்சாரும் அடிப்படையில் அதேதான், மைக்ரோஸ்கோப் மோடும் அதேதான். சார்ஜ் செய்யும் துளை பழைய மைக்ரோ யுஎஸ்பியிலிருந்து சி வகைக்கு மாறியிருக்கிறது, பிடி கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது. புதிதாகவே வாங்கப் போகிறவர்கள் அதை எடுங்கள். பணம் யோசிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் பயன்படுத்திய டிஜி-6 ஒன்றைத் தேடலாம், கேப்ரெல்லிடு எடுக்க அதில் ஒரு குறையும் வராது. ஆனால் பழையதை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். பேட்டரிக் கதவையும் யுஎஸ்பிக் கதவையும் திறந்து, ரப்பர் வெடித்திருக்கிறதா, உள்ளே உலோக முனையில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். லென்ஸ் கண்ணாடியின் உட்பக்கம் மூட்டம் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் ரப்பரை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.